சிரமதானத்தில் ஒரு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச் சனத்தைச் சேர்த்து, வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுகிறோம். இதுவரை ஐந்து வீடு முடிந்தது. தொலைபேசியிலும் கலியாண வீடுகளிலும் தேத்தண்ணிக் கடையிலும் எங்களிடம் கேட்கப்படுகிற கேள்விகளையும் நாங்கள் சொல்லுகிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறோம். கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் இந்த வேலையும் என் தலையில் விழுந்தது.

நீங்கள் ஒரு நிறுவனமா?

இல்லை. வாசிகசாலைக்குப் பேப்பர் படிக்க வருகிறவர்கள்தான். இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கம்பஸ் பிள்ளைகள் சிலர், ஒரு ஓடாவி (தச்சர்), இரண்டு மேசன்மார். தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பேர் இருக்கிறார்கள். மூவரும் கல் சுமப்பார்கள்.

இத்தனை வீட்டுத்திட்டம் வந்து போனதே. இன்னும் வீடில்லாத ஆட்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் வெளிநாட்டில் இருக்கிறவர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வலிகாமம் வடக்குச் சனம் 1990இல் போரால் இடம்பெயர்ந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனது. போன சனம் திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரை இல்லை, சிலவற்றுக்குச் சுவரே இல்லை. 2009க்குப் பிறகு வந்த திட்டங்களில் பெரியது இந்திய வீட்டுத்திட்டம். முதலில் அறிவித்தது 50,000 வீடு. அதில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும், மிச்சம் மலையகத்துக்கு. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே கட்டம் கட்டமாக வரும், கட்டுவிப்பது அவர்கள் பொறுப்பு. நல்ல முறைதான், எங்கள் ஊரிலும் பலர் அதில் எழும்பினார்கள். ஆனால் வேலை முடியும் முன்னரே காசு முடிந்து, காப்பை அடகு வைத்து ஓடு போட்டவர்களும் இருக்கிறார்கள். லிண்டல் மட்டத்தோடு நின்றவர்களும் இருக்கிறார்கள்.

அதைவிட, பட்டியலுக்குள் வராதவர்கள் ஒரு கூட்டம். பதிகிற நேரம் ஊரில் இல்லாதவர்கள், காணி இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தவர்கள், காணியே இல்லாதவர்கள், பிறகு கலியாணம் கட்டித் தனிக்குடும்பமானவர்கள். அப்புறம் 2022 வந்தது. முந்திய வருடம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு பை சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டியது. அரைவாசியில் நின்ற வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. அந்த வருடம் நாங்களும் ஒரு வீடும் தொடங்கவில்லை.

எந்தக் குடும்பத்துக்கு என்று எப்படித் தெரிவு செய்கிறீர்கள்?

யாராவது வந்து சொல்வார்கள். நாங்கள் நேரில் போய்ப் பார்ப்போம், ஒருமுறையல்ல, இரண்டு மூன்று முறை. மழை நாளில் ஒருமுறை கட்டாயம் போவோம். வெயிலில் பார்த்தால் எந்தக் கொட்டிலும் சுமாராகத்தான் தெரியும். கிராம சேவகரிடம் விபரம் கேட்போம். பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்போம், ஆனால் அவர்களுக்கு வேலித் தகராறு ஏதும் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்வோம்.

பெண் தலைமை தாங்கும் குடும்பம், வலுவிழந்தவர் உள்ள குடும்பம், சின்னப் பிள்ளைகள் அதிகமுள்ள குடும்பம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறோம். சில நேரம் வரிசை உடையும். இரண்டு குடும்பங்களில் எதற்கு முதலில் என்று முடிவெடுத்த ஓர் இரவு கூட்டம் பதினொரு மணிக்கு முடிந்தது, இரண்டு பேர் பேசாமலே வீட்டுக்குப் போனார்கள்.

காணி உறுதி கட்டாயம் வேண்டுமா? பேரனார் காலத்துக் காணி, எல்லாருக்கும் தெரியும்.

எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் நாளைக்கு ஒருவருக்கும் தெரியாது என்பார்கள். கட்டாயம் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக் காணிச் சிக்கல் தனிச் சாதி. எங்களுக்கு தேசவழமை என்கிற வழக்குச் சட்டம் இருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்து வைத்தது இன்றைக்கும் சட்டம். முதுசம் (பெற்றோர் வழி வந்தது) ஒரு வழி, சீதனம் ஒரு வழி, தேடிய தேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு சேர்த்தது) இன்னொரு வழி. அதோடு, "பிரிபடாத பங்கு" என்று உறுதியில் ஒரு சொல் இருக்கும். நாலு பரப்பில் எட்டில் ஒரு பங்கு உங்களுக்கு என்றால், அந்த எட்டில் ஒன்று கிணற்றடியா, பனையடியா என்று ஒருவருக்கும் தெரியாது. மற்றப் பங்காளி கனடாவில் இருப்பார். அத்திவாரம் வெட்டுகிற அன்றைக்கு அவருடைய தொலைபேசி வரும்.

ஆகவே நொத்தாரிசிடம் போய் உறுதியைப் பார்ப்போம். பங்கு பிரிபடாமல் இருந்தால் எல்லாப் பங்காளிகளிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குவோம். ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச், ஏறக்குறைய 2,720 சதுர அடி. அந்த அளவாவது இருந்தால்தான் வீடு, கிணறு, மலக்குழி மூன்றையும் தள்ளித் தள்ளி வைக்க முடியும். வீடு மனைவியின் சீதனக் காணியில் எழும்பினால் உறுதி மனைவியின் பெயரிலேயே இருக்கட்டும் என்போம். சில மருமகன்மாருக்கு எங்களில் கோபம் உண்டு.

வீடு எவ்வளவு பெரியது?

550 சதுர அடி அளவில். இரண்டு அறை, ஒரு கூடம், குசினி, முன்னால் சின்ன விறாந்தை. மலசலகூடம் புறம்பாக. வரைபடத்துக்குப் பிரதேச சபையில் அனுமதி எடுத்துவிட்டுத்தான் நூல் கட்டுவோம்.

வரைபடத்தைப் பற்றி ஒரு விஷயம். முதல் இரண்டு வீட்டுக்கும் குசினியை உள்ளே சின்னதாக வைத்தோம். குடிபூரி ஒரு மாதத்தில் இரண்டு வீட்டுப் பின்புறமும் கிடுகால் ஒரு கொட்டில் முளைத்துவிட்டது. விறகு எரிக்கிற ஆட்களுக்கு ஆறடிக்கு ஆறடி மூடிய அறைக்குள் எப்படிச் சமைப்பது? எங்கள் கூட்டத்தில் அதுவரை விறகடுப்பில் சமைத்த ஒருவரும் பேசவில்லை, அதுதான் காரணம். இப்போது குசினி எப்படி என்பதை வீட்டுக்காரியே தீர்மானிப்பார். மூன்றாவது வீட்டு அக்கா நிலத்தில் ஒரு தடி எடுத்துக் கீறிக் காட்டினார்: அடுப்பு இங்கே, புகைக்கூடு இங்கே, கதவு கிணற்றுப் பக்கம். அப்படியே கட்டினோம்.

எனக்கு மேசன் வேலை தெரியாது. வரலாமா?

வாருங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

சுவர் வைப்பது, தூக்குக்குண்டு பிடிப்பது, நிலை வைப்பது எல்லாம் மேசனுடைய வேலை. ஓடாவி கூரையைப் பார்ப்பார். மற்ற எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். மண் அரிப்பது, கல் கைமாற்றுவது, சாந்து குழைப்பது, தண்ணீர் அள்ளுவது, அத்திவாரம் வெட்டுவது. இதில் கடைசியைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. செம்பாட்டு மண் மேலே பார்க்க மெதுவாக இருக்கும், முழங்கால் ஆழத்தில் அலவாங்கு "ணங்" என்று நிற்கும். சுண்ணக்கல். அந்தச் சத்தம் கேட்டதும் புதுசாக வந்த ஆள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் வேறு பக்கம் பார்ப்போம். கல் கண்டால் அத்திவாரத்துக்கு நல்லதுதான், முதுகுக்குத்தான் இல்லை.

கல் கைமாற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. ஆறங்குலச் சீமெந்துக்கல், முகம் 16க்கு 8 அங்குலம். 100 சதுர அடிச் சுவருக்கு நூற்றுப்பத்துக் கல் அளவில் வேண்டும், ஒரு வீட்டுக்கு ஆயிரத்து நானூறு, ஐந்நூறு போகும். லாண்ட்மாஸ்ரர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டியிலிருந்து சுவரடி வரைக்கும் வரிசையாக நின்று கொடுக்க வேண்டும். எறியக் கூடாது. கையுறை தருவோம். செருப்போடு வராதீர்கள், சப்பாத்து போடுங்கள். நல்ல உடுப்பு வேண்டாம். சீமெந்து பட்டால் போகாது.

பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைச் சாரத்தில் ஏற விடமாட்டோம். கொங்கிறீற் போடுகிற நாளில் சின்னப் பிள்ளைகள் அருகே வரக் கூடாது.

மேசனுக்குக் கூலி கொடுக்கிறீர்களா? சிரமதானம் என்றுதானே சொல்கிறீர்கள்?

கொடுக்கிறோம். வங்கியில் வேலை செய்கிற ஒருவர் ஞாயிற்றுக்கிழமை இலவசமாக வரலாம், திங்கட்கிழமை அவருக்குச் சம்பளம் இருக்கிறது. நாட்கூலி மேசனிடம் "புண்ணியம்" என்று சொல்லி ஒரு நாளை வாங்குவது சரியில்லை. எங்கள் மேசன்மார் இருவரும் தாங்களாகவே பாதி நாளை விட்டுக்கொடுக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம், நாங்கள் கேட்பதில்லை.

வீடு பெறுகிற குடும்பமும் வேலை செய்ய வேண்டுமா?

ஆம், முடிந்த அளவுக்கு. உலகத்தில் பல இடங்களிலும் இந்த முறை இருக்கிறது. 1976இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் தொடங்கிய ஹபிடாட் அமைப்பும் வீடு பெறுகிறவரின் உடலுழைப்பை அவருடைய பங்காகவே கணக்கு வைக்கும். அந்த அமைப்பு இந்திய வீட்டுத்திட்டத்திலும் வேலை செய்தது. நாங்கள் மணித்தியாலக் கணக்கு எழுதுவதில்லை. ஏலாத ஆளிடம் கணக்குக் கேட்க முடியாது.

ஆனால் ஒரு வேலையை அவர்களிடமே விடுகிறோம். கட்டிய சுவருக்கும் போட்ட கொங்கிறீற்றுக்கும் குறைந்தது ஏழு நாள் காலையும் பின்னேரமும் தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் சீமெந்து இறுகாது, பொருக்குத் தட்டி வெடிக்கும். ஞாயிறு வந்து போகிற எங்களால் அது முடியாது. நாலாவது வீட்டில் அந்த வேலையை எழுபது தாண்டிய அம்மம்மா எடுத்துக்கொண்டார். ஒரு திங்கள் விடியற்காலை, மறந்துபோன சாந்தகப்பையை எடுக்கப் போனேன். அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கோயில் படிக்கு ஊற்றுவது மாதிரி, படிக்கட்டுக்கு மெதுவாக ஊற்றிக்கொண்டு நின்றார். ஊற்றி முடித்துக் கையால் தடவிப் பார்த்தார். "தம்பி, இது எப்ப காயும்?" என்று கேட்டார். "காயக் கூடாது அம்மம்மா, அதுக்குத்தான் ஊத்திறது" என்றேன். "அப்ப நான் ஊத்திக்கொண்டே இருக்கிறன்" என்றார். எங்கள் ஐந்து வீட்டிலும் வெடிப்பே இல்லாத படிக்கட்டு அந்த வீட்டுடையதுதான்.

ஏன் மலசலகூடத்தை முதலில் கட்டுகிறீர்கள்?

முதல் வீட்டில் நாங்கள் செய்த பிழையால்.

அத்திவாரம், சுவர், கூரை, பூச்சு, பெயின்ற் என்று வரிசையாகப் போனோம். கடைசியில் மலசலகூடம் என்று எழுதியிருந்தோம். கூரைக்கு மரவிலை கூடியது, காசு முடிந்தது. குடிபூரலுக்கு நாள் வைத்தாயிற்று. பால் காய்ச்சினோம், படம் எடுத்தோம், எல்லாரும் கைகொடுத்துவிட்டுப் போனோம். அந்த வீட்டில் வயது வந்த இரண்டு பெண் பிள்ளைகள். ஏழு மாதம் அவர்கள் பக்கத்து வீட்டு மலசலகூடத்துக்குப் போய் வந்தார்கள். இருட்டின பிறகுதான் போவார்களாம். எங்களிடம் ஒருவரும் முறையிடவில்லை. முறையிட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தாய்க்காரி ஒருநாள் கடையில் என் மனைவியிடம் வேறு கதையோடு கதையாகச் சொன்னதில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அன்றிலிருந்து அத்திவாரம் வெட்டும் முன் மலக்குழி வெட்டுகிறோம். முதல் ஞாயிறே மலசலகூடம் எழும்பும். வேலைக்கு வருகிறவர்களுக்கும் அது உதவி, குறிப்பாகப் பெண்களுக்கு. நாங்கள் வருடக்கணக்காக "பெண்கள் ஏன் சிரமதானத்துக்கு வருவதில்லை" என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று: யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே ஓட்டைகள் நிறைந்த சுண்ணக்கல். குழியில் விடுவது கிணற்றுக்கு வர அதிக நாள் எடுக்காது. குறைந்தது 50 அடி இடைவெளி பார்க்கிறோம். பக்கத்து வளவுக் கிணற்றையும் அளக்க வேண்டும், அதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கூரைக்கு ஓடா, சீற்றா?

காசு இருந்தால் ஓடு. சீற் மலிவு, மரமும் குறையச் செல்லும். ஆனால் சித்திரை வைகாசி வெக்கையில் பகல் முழுக்க அதன் உள்ளே இருக்க வேண்டிய ஆட்கள் கிழவர்களும் கைக்குழந்தைகளும். 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடு என்று பேச்சு வந்தபோது சனம் எதிர்த்ததற்கு இந்த வெக்கையும் ஒரு காரணம். கூரை மரங்களான வளைக்கும் சிலாகைக்கும் வைரமேறிய பனை கிடைத்தால் விடமாட்டோம், கறையான் லேசில் தொடாது. பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "வளவுக்குள்ளே நிக்கிற என்ர பனைதானே" என்று தறித்துவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள்.

மணலும் தண்ணீரும் எல்லா இடமும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. கடற்கரை மணலை அப்படியே போட்டால் உப்பு கம்பியைத் தின்னும். துரு பருக்கும், கொங்கிறீற் வெடித்துக் கழன்று விழும். தண்ணீரும் அப்படித்தான். தீவுப் பகுதியில் ஒரு வீட்டுக்கு உதவப் போனபோது கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தோம், உவர். குடிக்கக் கூடாத தண்ணீரில் கொங்கிறீற் குழைப்பதில்லை என்பது எங்கள் மேசன் அண்ணையின் சட்டம். பவுசரில் நல்ல தண்ணீர் பிடித்துக் கொண்டுபோனோம். செலவு கூடியது, வாதாடியும் பார்த்தோம், அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

எந்த மாதங்களில் வேலை நடக்கும்?

தை பிறந்து தொடங்கினால் ஆனிக்குள் கூரை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் தொடங்குவதில்லை. 2020 மார்கழியில் புரெவி புயல் வந்தபோது நூல் கட்டி வெட்டிய அத்திவாரம் குளமாகிவிட்டது, பிள்ளைகள் அதில் கடதாசிக் கப்பல் விட்டார்கள். ஆடியில் குடிபூரல் வைக்க மாட்டார்கள், ஆனால் வேலை நடக்கும்.

சாதி, சமயம் பார்ப்பீர்களா?

பார்ப்பதில்லை. அடிக்கல் நாட்டும்போது ஐயர் வந்தாலும் ஃபாதர் வந்தாலும் அது அந்தக் குடும்பத்தின் விருப்பம். சாதியைப் பற்றி எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். மூன்றாவது வீட்டு வேலைக்கு வந்த இரண்டு பேர், அந்த வீட்டில் ஊற்றின தேத்தண்ணியைக் குடிக்காமல் சந்திக் கடைக்குப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து ஒரு விதி வைத்தோம்: வேலை நாளில் தேத்தண்ணியும் சாப்பாடும் அந்த வீட்டு வளவில், ஒரே பானையில். பிடிக்காவிட்டால் வேலைக்கு வர வேண்டாம். ஒருவர் வரவில்லை. மற்றவர் வந்தார், இன்றைக்கும் வருகிறார்.

சாப்பாடு யார் தருவது?

நிலையம். காலையில் பாணும் சம்பலும், பத்து மணிக்குப் பிளேன்டீ, மத்தியானம் சோறு. கூரை ஏறுகிற நாளில் ஒடியற்கூழ். அன்றைக்கு மட்டும் ஆட்கள் இரண்டு மடங்காக வருவார்கள், ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

நான் லண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். இரண்டு நாள் வேலை செய்யலாமா?

தாராளமாக. முன்கூட்டியே சொல்லுங்கள், வருகிற நாளுக்கு என்ன வேலை இருக்கிறதோ அதைத் தருவோம். பூச்சு முடிந்த சுவரில் நீங்கள் கல் வைக்க ஆசைப்பட்டால் ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்காரரோடு நின்று படம் எடுக்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுத்து முகநூலில் போட வேண்டாம்.

எங்கள் அப்பாவின் நினைவாகக் காசு தருகிறோம். வாசலில் பெயர்க்கல் வைக்கலாமா?

இல்லை. இந்தப் பதிலால் எங்களுக்கு இரண்டு பெரிய தொகை தவறியது, பொருளாளர் இன்னும் சொல்லிக்காட்டுவார்.

கோயில் மணிக்கு உபயம் எழுதலாம். ஒரு குடும்பம் வருடக்கணக்காகப் போய்வருகிற நிலைக்கு மேலே எழுதினால், அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் "உபய வீட்டுப் பெடியன்" ஆகிவிடுவான். இது கற்பனையில்லை, வேறோர் ஊரில் நாங்கள் காதால் கேட்டது. உங்கள் அப்பாவின் பெயர் வாசிகசாலைக் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், ஒவ்வொரு பற்றுச்சீட்டோடும் வந்து பார்க்கலாம்.

வெட்டும்போது நிலத்துக்குள் ஏதாவது இரும்பு கண்டால்?

தொடாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். எல்லாரையும் விலத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவிப்போம். இராணுவம் விடுவித்த காணிகளில் வெடிபொருள் கிடக்கலாம், இது பகிடியல்ல.

குடும்பம் வீட்டை விற்றுவிட்டால் என்ன செய்வீர்கள்?

ஒன்றும் செய்ய மாட்டோம். வீடு அவர்களுடையது. இதுவரை ஒருவரும் விற்கவில்லை. ஒருவர் முன்னறையில் கடை போட்டிருக்கிறார், ஓரளவு நன்றாக ஓடுகிறது.

அடுத்த வீடு எப்போது?

காணி பார்த்தாயிற்று, ஒன்றரைப் பரப்பு, உறுதி சுத்தம். கிணற்றையும் பக்கத்து வளவுக் கிணற்றையும் அளந்துவிட்டோம். தைப்பொங்கல் கழிந்து வருகிற முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு மலக்குழி வெட்டத் தொடங்குவோம். எங்களிடம் அலவாங்கு மூன்றுதான் இருக்கிறது, அதில் ஒன்று வளைந்தது. உங்கள் வீட்டில் இருந்தால் கொண்டு வாருங்கள், பிடியில் பெயர் எழுதிவிடுங்கள்.